சக்கர வண்டியும் கடற்பயணமும்



கடற்பயணம் என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனக்கண்முன் அலையும் காற்றும் தொலைவில் எழும் புதிய கரையும் தோன்றும். கால்கள் சொன்னபடி கேளாத ஒருவனுக்கோ அச்சொல் வேறு சில கேள்விகளை எழுப்பும். கப்பலறையின் கதவு எத்தனை அகலம்? கப்பலுக்கும் கரைக்கும் நடுவே உள்ள ஏறுபாலம் எவ்வளவு சாய்வு? இடர் நேர்ந்து மின்தூக்கிகள் நின்றுவிட்டால் மேல் தளத்துக்கு எப்படிப் போவது? இவற்றுக்கு விடை தெரிந்தால் பயணம் உண்டு. தெரியாவிட்டால் வீட்டுத் திண்ணைதான். நான் அறிந்துகொண்ட விடைகளை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

நான் முப்பது ஆண்டுகள் நின்றுகொண்டே அறிவியற் பாடம் நடத்தியவன். இன்று என் இரு முழங்கால் மூட்டுகளும் தேய்ந்துவிட்டன. கைத்தடி ஊன்றி ஓர் அறையைக் கடப்பேன். ஒரு தெருவைக் கடக்க இயலாது. கனடா நாட்டின் வான்கூவர் நகரில் வாழும் என் மகள், அங்கிருந்து அலாஸ்காவுக்குச் சென்று திரும்பும் ஏழு நாள் கப்பற்பயணத்துக்கு என்னை அழைத்தாள். வாடகைக்கு ஒரு மின்சார ஸ்கூட்டர் எடுப்பது என்று இருவரும் முடிவு செய்தோம்.

ஸ்கூட்டர் என்றதும் நம் சாலைகளில் ஓடும் வண்டியை எண்ணிவிடாதீர்கள். இது மூன்று அல்லது நான்கு சிறு சக்கரங்களும், ஓர் இருக்கையும், முன்னே ஒரு கைப்பிடித் தண்டும் உடைய மின்வண்டி. வேகம் மனிதன் விரைந்து நடக்கும் அளவே. சக்கர நாற்காலிக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. அறவே நடக்க இயலாதவர்க்குச் சக்கர நாற்காலி ஏற்றது. சில அடிகள் நடக்கவும், தாமே எழுந்து அமரவும் முடிந்து, நெடுந்தொலைவு செல்ல மட்டும் இயலாதவர்க்கு ஏற்றது ஸ்கூட்டர்.

இவ்வண்டியின் வரலாறு நீண்டதன்று. இரண்டாம் உலகப் போரில் முதுகெலும்பு அடிபட்டுத் திரும்பிய வீரர்களுக்காக, கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தைச் சேர்ந்த ஜார்ஜ் கிளைன் என்னும் பொறியாளரும் அவர் குழுவினரும் மின்சாரச் சக்கர நாற்காலியை உருவாக்கினர். 1968-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஆலன் தீம் என்பவர், தம் குடும்பத்தில் நரம்பு நோயுற்ற ஒருவருக்காக மூன்று சக்கர மின்வண்டி ஒன்றைச் செய்தார். இன்று உலகெங்கும் ஓடும் ஸ்கூட்டர்களுக்கு அது முன்னோடி. ஒரு வீட்டின் தேவை பலருடைய தேவையாக இருந்ததை இதிலிருந்து அறிகிறோம்.

ஒருவர் கேட்கலாம்: சொந்தமாக ஒன்று வாங்கி எடுத்துச் செல்லலாகாதா? செல்லலாம். ஆனால் வானூர்தியில் மின்கலங்களுக்குக் கடுமையான விதிகள் உண்டு. எடையும் தொல்லை தரும். இறக்குமிடத்தில் வண்டி உடைந்து வந்தால் பயணமே கெடும். ஆகவே துறைமுக நகரங்களில் இவ்வண்டிகளை வாடகைக்கு விடும் நிறுவனங்கள் இருக்கின்றன. முன்பே பணம் கட்டி, கப்பலின் பெயரையும் அறையின் எண்ணையும் தெரிவித்துவிட்டால், நாம் கப்பலேறும் நாளில் வண்டி நம் அறையில் காத்திருக்கும். பயணம் முடிந்ததும் அங்கேயே விட்டுவிட்டு இறங்கலாம்.

மாணவர்களே, இந்த வண்டிக்குள் உங்கள் இயற்பியல் பாடம் முழுதும் அடங்கியிருக்கிறது. மூன்று சக்கர வண்டி குறுகிய இடத்தில் எளிதாகத் திரும்பும். ஆனால் அதன் சக்கரங்கள் தரையில் அமைக்கும் உருவம் முக்கோணம். ஏறி அமர்ந்தவரையும் சேர்த்து வண்டியின் ஈர்ப்பு மையத்திலிருந்து நேர்கீழே இறக்கும் கோடு அம்முக்கோணத்துக்கு வெளியே விழுந்தால் வண்டி சாய்ந்துவிடும். பக்கவாட்டில் சரிந்த நடைபாதையில் வேகமாகத் திரும்பினால் இது நேரும். நான்கு சக்கர வண்டியின் அடித்தளம் நாற்கோணமாதலால் அது உறுதியாக நிற்கும். திரும்புவதற்கு மட்டும் இடம் மிகுதியாகக் கேட்கும். கப்பலின் குறுகிய வழிகளை எண்ணி நான் மூன்று சக்கர வண்டியையே கேட்டிருந்தேன்.

அதன் தடையும் விந்தையானது. மிதிவண்டியில் தடையைப் பிடித்தால்தான் வண்டி நிற்கும். இதிலோ தடை எப்போதும் பிடித்தபடியே இருக்கும். ஒரு வில்சுருள் அதை அழுத்திக்கொண்டிருக்கும். நெம்பியை நாம் அழுத்தும்போது மின்னோட்டம் பாய்ந்து ஒரு மின்காந்தம் தடையை விலக்குகிறது, வண்டி நகர்கிறது. கையை எடுத்தால் மின்னோட்டம் நிற்கிறது. வில் மீண்டும் அழுத்துகிறது. மயக்கமுற்றுக் கை தளர்ந்தாலும் வண்டி ஓடிவிடாமல் நின்றுவிடும். அஞ்சாமல் ஏறி அமரலாம் என்ற நம்பிக்கையைத் தருவது இந்த அமைப்புத்தான்.

இனிக் கப்பலுக்குள் நுழைவோம். பயணக் கப்பல்களில் பெரும்பாலான அறைகளின் கதவுகள் ஏறத்தாழ 55 முதல் 60 சென்டிமீட்டர் அகலமே உடையவை. சிறிய ஸ்கூட்டரே உரசிக்கொண்டுதான் நுழையும். ஆதலால் ஒவ்வொரு கப்பலிலும் சில அறைகளை அகன்ற கதவுடனும், படியில்லாத குளியலறையுடனும், சுவரில் கைப்பிடிகளுடனும், வண்டி திரும்புவதற்கேற்ற வெற்றிடத்துடனும் அமைக்கிறார்கள். அவற்றில் கதவு 80 சென்டிமீட்டர் அளவுக்கு அகன்றிருக்கும். இவ்வகை அறைகள் மிகச் சிலவே. பல மாதங்களுக்கு முன்னரே நிறைந்துவிடும். எங்களுக்கு அத்தகைய அறை கிடைக்கும் நாளைப் பார்த்துத்தான் பயணத்தின் நாளையே குறித்தோம்.

வண்டியை அறைக்கு வெளியே நிறுத்திவைக்க எந்தக் கப்பலும் இடங்கொடாது. இதைக் கேட்டுச் சிலர் சினங்கொள்வர். காரணம் அறிந்தால் சினம் தணியும். தீ விபத்து நேர்ந்து விளக்கு அணைந்து புகை சூழ்ந்த வேளையில், நூற்றுக்கணக்கானோர் அவ்வழியில் சுவரைத் தடவிக்கொண்டு ஓட வேண்டியிருக்கும். அங்கே நிற்கும் ஒரு வண்டி அணைக்கட்டுப் போல் எல்லாரையும் மறித்துவிடும். ஆகவே வண்டி இரவில் நம் அறைக்குள்ளேயே உறங்க வேண்டும். மின்னேற்றமும் அங்கேயே நடைபெற வேண்டும்.

இடர்க்காலம் என்றதும், முதலில் நான் எழுப்பிய கேள்விக்கு வருகிறேன். 1912-இல் டைட்டானிக் மூழ்கியதன் விளைவாக, 1914-இல் கடலில் உயிர்க்காப்புக்கான உலக உடன்படிக்கை ஒன்று பிறந்தது. அதன் 1974-ஆம் ஆண்டு வடிவமே, பல திருத்தங்களுடன், இன்றும் கப்பல்களை ஆள்கிறது. இடர்க்காலத்தில் தனி உதவி வேண்டுவோர் யார் யார் என்பதைக் கேட்டு எழுதி, கப்பல் புறப்படுமுன் தலைவரிடம் தெரிவிக்க வேண்டும் என்பது அவ்விதிகளில் ஒன்று. 2012 சனவரியில் இத்தாலியக் கரையோரம் கோஸ்டா கன்கார்டியா என்ற கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்து 32 பேர் மாண்டனர். அன்று மாலையில் ஏறிய பயணிகளுக்கு ஒத்திகை நடைபெற்றிருக்கவில்லை. அதன் பின்னர், கப்பல் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ ஒத்திகை நடத்தியாக வேண்டும் என்ற விதி 2015 முதல் நடைமுறைக்கு வந்தது.

ஒத்திகை நாளில் ஓர் இளம் மாலுமி என்னிடம் வந்து விளக்கினார். மின்தூக்கிகளை அப்போது பயன்படுத்தலாகாது. என் வண்டி அறையிலேயே கிடக்கும். குறித்த இருவர் ஒரு தூக்கு நாற்காலியுடன் வந்து என்னைப் படிகளின் வழியே கொண்டுசெல்வர். அவர் அந்த நாற்காலியைக் காட்டி, என்னை அதில் அமரச் செய்து, வார்களைப் பூட்டிப் பார்த்தார். அன்றிரவு நான் நன்றாக உறங்கினேன். பிறர் இரக்கப்பட்டால் பிழைப்போம் என்று நம்பி இருப்பதற்கும், நம் பெயர் ஒரு பட்டியலில் எழுதப்பட்டிருக்கிறது என்று அறிந்து இருப்பதற்கும் உள்ள தொலைவு பெரிது.

கப்பலிலிருந்து கரைக்கு இறங்குவதே இத்தகைய பயணத்தின் கடினமான பகுதி. சக்கர வண்டிக்கு ஏற்ற சாய்வு 1-க்கு 12 என்பது பரவலாக ஒப்புக்கொண்ட அளவு; அதாவது ஒரு மீட்டர் உயர்வதற்குப் பன்னிரண்டு மீட்டர் நீளம் வேண்டும். கட்டடத்தில் ஒருமுறை கட்டிவிட்டால் அச்சாய்வு மாறாது. கடலிலோ நீர்மட்டம் ஏறி இறங்கும். அலாஸ்காவின் ஜூனோ நகரில் ஓதத்துக்கும் வற்றத்துக்கும் இடையே உள்ள வேறுபாடு சில நாட்களில் 5 மீட்டருக்கும் மேல். அங்கே துறைமேடைகளில் சில மிதப்பவை. கப்பலோடு அவையும் ஏறி இறங்கும். ஆனால் மேடையையும் கரையையும் இணைக்கும் பாலம் சாயத்தானே செய்யும்! காலையில் சமதளம் போல் இருந்த வழி மாலையில் மேடாக மாறியிருக்கும். ஓதநேரப் பட்டியலைப் பார்த்துக் கரைக்குச் செல்லும் நேரத்தைக் குறிப்பதை அங்கே கற்றுக்கொண்டேன்.

சில ஊர்களில் கப்பல் கரையை அணையவே இயலாது. தொலைவில் நங்கூரமிட்டு, சிறு படகுகளில் பயணிகளை இறக்குவர். கரீபியன் கடலில் உள்ள ஜார்ஜ் டவுனும், கிரேக்க நாட்டின் சான்டொரினி தீவும் அத்தகையவை. ஆடும் படகுக்கும் ஆடும் கப்பலுக்கும் இடையே கனமான மின்வண்டியைக் கைமாற்றுவது ஆபத்தாதலால், பல கப்பல்களில் ஸ்கூட்டரைப் படகில் ஏற்ற மறுத்துவிடுவர். சான்டொரினியில் படகிலிருந்து இறங்கிய பின்னும் செங்குத்தான குன்றின்மேல் ஊர் நிற்கிறது. மேலே செல்லக் கம்பிவட வண்டியோ, ஏறத்தாழ 600 படிகளோதான் வழி. ஆகவே பயணத்தைத் தேர்ந்தெடுக்கும்போது ஊரின் அழகை விசாரிப்பதற்கு முன், கப்பல் கரையை அணையுமா என்று விசாரிக்க வேண்டும். எங்கள் வழியில் ஜூனோ, ஸ்காக்வே, கெட்சிகன் ஆகிய மூன்று ஊர்களிலும் கப்பல் துறைமேடையிலேயே நின்றது.

ஜூனோவில் எனக்கு ஓர் இடையூறு நேர்ந்தது. புறப்படும்போது வண்டியின் அளவுமானி முழு மின்னேற்றம் காட்டியது. துறையருகே சமநிலத்தில் நன்றாக ஓடியது. மலையை நோக்கி ஏறும் தெரு ஒன்றில் முள் சட்டென்று சரிந்தது, வண்டி நின்றுவிட்டது. மாணவர்கள் இதன் காரணத்தை அறிவது நலம். அந்த அளவுமானி காட்டுவது மின்கலத்தின் மின்னழுத்தத்தை மட்டுமே. நாட்பட்ட ஈய அமில மின்கலம் சும்மா இருக்கும்போது முழு அழுத்தம் காட்டும்; மேட்டில் ஏற மிகுந்த மின்னோட்டம் கேட்டால் அழுத்தம் வீழ்ந்துவிடும். வாடகை நிறுவனத்தார் பழைய மின்கலத்தைப் பொருத்தி அனுப்பியிருந்தனர். தொலைபேசியில் கேட்டபோது, வான்கூவர் திரும்பிய பிறகு மாற்றித் தருவதாக விடை வந்தது! பயணம் முடிந்த பின் மின்கலம் எதற்கு?

தடையை விலக்கும் நெம்புகோலைத் திருப்பினால் வண்டியைக் கையால் தள்ளலாம். ஆனால் அப்போது வண்டிக்குத் தடையே இராது. சரிவில் அது உருண்டோடிவிடும். ஆகவே நான் இறங்கி ஒரு கடைவாயிலில் அமர்ந்துகொள்ள, என் மகளும் வழிப்போக்கர் இருவரும் முன்னும் பின்னும் பிடித்து அதைக் கீழே கொண்டுவந்தனர். வாடகை வண்டி எடுப்போர்க்கு ஒன்று சொல்வேன்: மின்கலத்தின் வயதை எழுத்தில் கேளுங்கள், இடைவழியில் பழுதானால் யார் பொறுப்பு என்பதையும் எழுத்தில் பெறுங்கள்.

சமமான கப்பல் தளத்தில் அந்த வண்டி தொடர்ந்து ஓடியது. கரைக்கு மட்டும் அதை நம்பி இறங்க இயலவில்லை. ஆகவே ஸ்காக்வேயில் கப்பலாரிடம் ஒரு சக்கர நாற்காலியை இரவல் வாங்கி, மகள் தள்ள நான் சென்றேன். அவ்வூரிலிருந்து மலையேறும் இருப்புப்பாதை, 1898-இல் பொன் தேடி வந்தவர்களுக்காகத் தொடங்கி 1900-இல் கட்டி முடிக்கப்பட்டது. அதில் சக்கர நாற்காலியை உயர்த்தி ஏற்றும் பொறி உண்டு. முன்கூட்டிச் சொல்லிவைத்தால் போதும். அருவிகளையும் பள்ளத்தாக்குகளையும் கண்டு மகிழ்ந்தேன்.

ஆனால் அன்று வேறொன்றையும் கண்டேன். ஒரு கடையில் நான் தொப்பி ஒன்றைக் கையில் எடுத்தபோது, கடைக்காரர் என் தலைக்கு மேலாக என் மகளைப் பார்த்து, "அவருக்கு என்ன அளவு வேண்டும்?" என்று கேட்டார். முதல்நாள் ஜூனோவில் நானே வண்டியை ஓட்டிச் சென்றபோது எல்லாரும் என்னிடமே பேசினர். மனிதன் அதே மனிதன், அதே கால்கள், அதே வாய். தள்ளுவோர் ஒருவர் பின்னால் நின்றதும், அமர்ந்திருப்பவனுக்குச் சொந்த விருப்பம் இல்லை என்று உலகம் எண்ணிவிடுகிறது. என் மகள் சிரித்துக்கொண்டே, "அப்பாவையே கேளுங்கள், தலை அவருடையது" என்றாள். அந்தச் சிறிய மின்பொறி எனக்குக் கொடுத்தது வேகத்தை மட்டும் அன்று, குரலையும் கூட என்று அப்போது உணர்ந்தேன்.

அடுத்த நாள் பனியாற்று வளைகுடாவுக்குள் கப்பல் நுழைந்தது. 1794-இல் வான்கூவர் என்ற ஆங்கிலேய மாலுமியின் குழுவினர் அவ்வழி வந்தபோது, அவ்விடம் ஏறத்தாழ முழுதும் பனிக்கட்டியாகவே இருந்தது. 1916-க்குள் அப்பனி ஏறத்தாழ 100 கிலோமீட்டர் பின்வாங்கி, நீண்ட கடல்வழியைத் திறந்துவிட்டது. இன்று அது ஒரு தேசியப் பூங்கா. நாளொன்றுக்கு இரண்டு பெரிய பயணக் கப்பல்களுக்குமேல் உள்ளே விடுவதில்லை. அங்கே யாரும் கரையில் இறங்குவதில்லை. பூங்காவின் காவலர்களே கப்பலேறி வந்து விளக்கம் சொல்கின்றனர். நடப்பவரும் நடக்காதவரும் கப்பல் தளத்திலிருந்தே காண வேண்டும். இங்கேயேனும் எல்லாரும் சமம் என்று எண்ணி மகிழ்ந்தேன்.

முழுச் சமம் அங்கும் இல்லை. வண்டியில் அமர்ந்தவனின் கண் தரையிலிருந்து ஏறத்தாழ 120 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். கப்பலின் கைப்பிடிச் சுவர் ஒரு மீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது விதி. அதன் முன்னே மக்கள் வரிசையாக நின்றுவிட்டால், எனக்குத் தெரிவது மேலங்கிகளின் முதுகுகள்தாம். மார்ஜரி பனியாற்றின் முகம் ஒன்றரைக் கிலோமீட்டர் அகலத்துக்கு நீலமாய் நிற்கிறது என்று ஒலிபெருக்கி சொல்லிற்று. பனிக்கட்டி பிளந்து கடலில் விழும் ஓசையைக் கேட்டேன். அந்நிலத்தின் பழங்குடியினரான திலிங்கித் மக்கள் அதனை வெள்ளை இடி என்பர். இடியைக் கேட்டேனே அன்றி மின்னலைக் காணவில்லை. சிறிது நேரத்தில் முன்னின்ற ஓர் அம்மையார் திரும்பிப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் இரண்டடி விலகினார். அவர் அருகிலிருந்தோரும் விலகினர். அடுத்த பிளவை நான் கண்ணாரக் கண்டேன்.

அந்த அம்மையாருக்கு என் நன்றி என்றும் உரியது. ஆயினும் அன்றே கப்பலின் மற்றொரு தளத்தில், கைப்பிடியின்கீழ்ச் சுவருக்கு மாற்றாகக் கண்ணாடி பதித்திருந்த ஓரிடத்தைக் கண்டேன். அதனருகே வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினால், யாரும் விலகாமலே கடலைக் காணலாம். நல்ல மனம் ஒருநாள் இருக்கும், ஒருநாள் இராது. நல்ல அமைப்பு நாள்தோறும் இருக்கும்.

இவ்வுண்மையை உலகம் மெல்ல மெல்லச் சட்டமாக்கி வருகிறது. அமெரிக்காவில் உடற்குறை உடையோர்க்கான சட்டம் 1990-இல் வந்தது. அயல்நாட்டுக் கொடி பறக்கும் பயணக் கப்பல்களும் அந்நாட்டு நீர்ப்பரப்பில் அதற்குக் கட்டுப்பட வேண்டுமா என்ற வழக்கில், அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2005-இல் பொதுவாகக் கட்டுப்பட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. கப்பலின் பாதுகாப்பைக் கெடுக்கும் மாற்றங்களை மட்டும் விலக்கியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2012 டிசம்பர் முதல் நடப்பிலுள்ள விதிப்படி, 48 மணி நேரம் முன்னதாகச் சொன்னால் பயணிக்கு உதவி செய்தாக வேண்டும். அவருடைய வண்டியைத் தம் தவற்றால் சேதப்படுத்தினால் கப்பலார் ஈடு செய்தாக வேண்டும். 2006-இல் ஐக்கிய நாடுகள் மன்றம் ஏற்ற உடன்படிக்கை, ஓய்விலும் பொழுதுபோக்கிலும் சுற்றுலாவிலும் பங்குபெறுவதை மாற்றுத் திறனாளிகளின் உரிமையாகவே குறிக்கிறது. நம் நாடு அதனை 2007-இல் ஏற்று உறுதி செய்தது. 2016-இல் அதற்கேற்பப் புதிய சட்டமும் இயற்றியது.

சுற்றுலா ஓர் ஆடம்பரம், அதற்கும் உரிமையா என்று சிலர் வினவலாம். பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் வழி வேண்டும் என்பதை எவரும் மறுப்பதில்லை. ஆனால் மனிதன் பிழைத்திருப்பதற்காக மட்டுமே வெளியே வருவதில்லை, காண்பதற்காகவும் வருகிறான். 2022 நவம்பரில் சென்னை மெரினாவில், விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே, மணற்பரப்பைக் கடந்து அலை வரையில் செல்ல 263 மீட்டர் நீளமுள்ள மரப்பாதை ஒன்று திறக்கப்பட்டது. அந்நகரிலேயே பிறந்து வளர்ந்தும் கடலோரம் வர இயலாதிருந்த பலர், அன்று சக்கர நாற்காலியில் வந்து அலையைக் கண்டனர். அடுத்த மாதமே வீசிய புயல் அப்பாதையைச் சிதைத்தது; பின்னர் அது சீர்செய்யப்பட்டது. பாதையைக் கட்டுவதோடு வேலை முடிவதில்லை, அதைப் பேணுவதும் வேலையே என்பதற்கு அது சான்று.

மாணவர்களே, உங்களில் சிலர் நாளை பொறியாளராவீர்கள்; சிலர் கட்டடங்களையும் கப்பல்களையும் பேருந்துகளையும் வரைவீர்கள்; சிலர் விதிகளை எழுதுவீர்கள். வரைபடத்தில் ஒரு கதவை இடும்போது, அதன் அகலத்தில் இருபது சென்டிமீட்டர் கூட்டுவது உங்களுக்கு ஒரு கோட்டின் வேலை. அக்கதவின் மறுபுறத்தில் காத்திருப்பவனுக்கு அது கடலைக் காணும் நாள். அந்தக் கோட்டை இடும் நேரத்தில் அவனை நினைத்துக்கொள்ளுங்கள்.